அன்பு மிகுந்தால் அழுகும் செடி

வீட்டு விறாந்தையை அணிசெய்யும் பூச்சாடிகளுள் எச்செவேரியா என்னும் சிறு செடிக்கும் இன்று தனியிடம் உண்டு. தடித்த இலைகள் நடுவிலிருந்து அடுக்கடுக்காக விரிந்து, மலர்ந்த தாமரையை நினைவூட்டும். ஆயினும், ஆசையோடு வாங்கிவந்த செடி சில வாரங்களுள் அழுகிவிடக் கண்டு வருந்துவோர் பலர். பெரும்பாலும் இதற்குக் காரணம் கவனக்குறைவன்று. கவனம் மிகுந்து நாள்தோறும் நீர் வார்ப்பதேயாகும்.

இப்பேரினத்துச் செடிகளிற் பெரும்பாலானவற்றின் தாயகம் மெக்சிக்கோ. அந்நாட்டுத் தாவர ஓவியரான அத்தனாசியோ எச்செவெரியாவின் பெயரை, 1828ஆம் ஆண்டில் தாவரவியலறிஞர் டி கண்டோல் இதற்குச் சூட்டினார். மண் அருகிய பாறையிடுக்குகளில் வாழும் இச்செடி, நீரைத் தன் இலைகளிலேயே சேமித்துக்கொள்கிறது. பிற செடிகள் பொதுவாகப் பகலிலே இலைவாய்களைத் திறக்கும். இதுவோ, வெயிலில் நீர் ஆவியாகாதவாறு இரவிலே அவற்றைத் திறந்து, காபனீரொட்சைட்டை உட்கொண்டு அமிலமாக்கி வைத்து, பகலொளியில் உணவாக்குகிறது. இத்துணைச் சிக்கனமான செடிக்கு நாள்தோறும் நீர் எதற்கு?

அடியில் துளையுள்ள மண்சாடியே இதற்கு ஏற்றது. தோட்டமண்ணுடன் சம அளவு பருமணலோ உடைத்த செங்கற்சல்லியோ கலத்தல் வேண்டும். மண் முற்றாக உலர்ந்த பின்னரே, அடித்துளையால் வடியும்வரை நீர் வார்க்கலாம்; இலையடுக்கின் நடுவில் நீர் தேங்கலாகாது. அடியிலைகள் சுருங்கினால் தாகம் என்றும், இலைகள் மஞ்சளித்துக் கண்ணாடிபோற் குழைந்தால் நீர் மிகுதி என்றும் அறியலாம். ஒளி குறைந்தால் தண்டு நீண்டு இலைகள் விலகும். ஆதலால் காலை வெயில் இன்றியமையாதது. இலைமேற் படிந்த வெண்பொடி செடியைக் காக்கும் மெழுகாகும். அதனைத் துடைத்தல் தகாது.

நுவரெலியா போன்ற குளிர்ந்த இடங்களில் இது எளிதிற் செழிக்கும். யாழ்ப்பாணம், மட்டக்களப்பு முதலிய வெப்பமான இடங்களில் நண்பகல் நிழலும் நல்ல காற்றோட்டமும் வேண்டும். மாரியில் மழை படாத இடத்திற்கு மாற்றுதல் நலம். இவ்விடங்களிற் புதிதாகத் தொடங்குவோர், நமக்குப் பழக்கமான சோற்றுக்கற்றாழையை முதலில் வளர்த்துப் பழகலாம்.

மாணவர்கள் செய்து பார்க்கத்தக்க சோதனை ஒன்று உண்டு. எச்செவேரியாவின் நல்ல இலையொன்றை அடியோடு கழற்றி, காயம் ஆறும்வரை சில நாள் நிழலில் உலர்த்தி, மணல் கலந்த மண்மேற் கிடத்துங்கள். சில வாரங்களில் வேரும் சிற்றிலைக் கொத்தும் தோன்றும். தன்னிடமிருந்த நீரையெல்லாம் இளஞ்செடிக்கு ஈந்து, தாயிலை சருகாகி உதிரும். அதுவரை அதனைப் பிடுங்காது பொறுத்திருங்கள். பொறுமையே இச்செடிக்கு நாம் இடும் நல்லுரம்.