தோட்டத்தோடு இயைந்த இல்லம்

பெங்களூர் நகரம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் அமைந்துள்ளது. ஆண்டின் பெரும்பகுதி மிதமான தட்பவெப்பம் நிலவுவதால், இங்கு வீட்டையும் வெளியையும் பிரிக்கும் தடுப்புகள் அதிகம் தேவையில்லை. கண்டோன்மென்ட் பகுதியின் பழைய பங்களாக்கள் இதை உணர்ந்தே கட்டப்பட்டன. ஓட்டுக் கூரை, அகன்ற தாழ்வாரம், சுற்றிலும் மரங்கள் ஆகியன அவற்றின் சிறப்பு. கன்னட நாட்டின் தொட்டி மனைகளோ முற்றத்தின் வழியே காற்றையும் ஒளியையும் வீட்டின் நடுவே கொணர்ந்தன.

இன்று 30 அடிக்கு 40 அடி மனையே பலருக்கும் வாய்க்கிறது. வீட்டைக் கட்டி முடித்தபின் எஞ்சும் இடத்தில் சில பூந்தொட்டிகளை வைப்பதே தோட்டம் என்றாகிவிட்டது. இம்முறை மாற வேண்டும். வீட்டையும் தோட்டத்தையும் ஒரே வரைபடத்தில் திட்டமிடுவது சிறு மனைக்கே மிகவும் அவசியமாகும்.

திசையும் நிழலும்

பிற்பகல் வெயிலால் மேற்குச் சுவர் மிகுதியாகச் சூடேறுகிறது. எனவே மாடிப்படி, குளியலறை, சாமான் அறை ஆகியவற்றை அப்புறம் அமைக்கலாம். கூடமும் படுக்கையறையும் வடக்கு அல்லது கிழக்கிலுள்ள தோட்டத்தை நோக்கியிருப்பது நன்று. விதிகள் இடமளிக்கும் அளவில், திறந்தவெளியை நாற்புறமும் துண்டாக்காமல் ஒருபுறம் சேர்த்தால் ஒரு சிறு மரம் வளர இடம் கிடைக்கும். கூடத்திற்கும் அதற்கும் இடையே ஒரு திண்ணை அமையுமாயின் இரண்டும் ஒன்றாகிவிடும்.

மண்ணின் பயன்

ஊரகங்களுக்கு அறிவியலைப் பயன்படுத்தும் நோக்குடன், பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் 1974-இல் 'அஸ்த்ரா' என்னும் அமைப்பு தோன்றியது. மண்ணுடன் சிறிதளவு சிமெண்டு கலந்து, அழுத்திச் செய்யும் கட்டிகளை அது ஆராய்ந்து பரப்பியது. இவற்றைச் சூளையில் சுட வேண்டியதில்லை, எரிபொருள் மிச்சமாகும். தகுந்த மண்ணாயின், தோண்டியெடுத்த மண் சுவராகவும், தோண்டிய குழி நீர்த்தொட்டியாகவும் பயன்படும். வளமான மேல்மண்ணை மட்டும் தனியே ஒதுக்கிச் செடிகளுக்கு இட வேண்டும்.

நீரும் நிலமும்

இந்நகருக்குக் காவிரி நீர் சுமார் 100 கிலோமீட்டர் தொலைவிலிருந்து இறைத்துக் கொண்டுவரப்படுகிறது. 2024 கோடையில் பல பகுதிகளில் ஆழ்துளைக் கிணறுகள் வற்றி, மக்கள் லாரி நீருக்குக் காத்திருந்தனர். ஆயினும் ஆண்டுதோறும் இங்கு சராசரியாக 900 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்கிறது. ஒரு சதுர மீட்டர் பரப்பில் பெய்யும் ஒரு மில்லிமீட்டர் மழை ஒரு லிட்டர் நீராகும். இதன்படி 75 சதுர மீட்டர் கூரையில் 67,500 லிட்டர் விழும். ஐந்தில் ஒரு பங்கு வீணானாலும் 54,000 லிட்டர் கிட்டும். குறிப்பிட்ட பரப்புக்கு மேற்பட்ட மனைகளில் மழைநீர்ச் சேகரிப்பு 2009-ஆம் ஆண்டின் சட்டத் திருத்தத்தால் கட்டாயமாக்கப்பட்டது.

தொட்டி நிரம்பியபின் மிகும் நீர் தோட்டத்து உறிஞ்சுகுழி வழியே நிலத்தில் இறங்க வேண்டும். மனை முழுவதும் சிமெண்டுத் தளமிட்டால் அந்நீர் தெருவில் வெள்ளமாகிவிடும். மிகுந்த நீரைக் கோரும் புல்வெளிக்குப் பதிலாக, குறைந்த நீரில் வளரும் உள்நாட்டுச் செடிகளை நடலாம். குளியலறைக் கழிவுநீரை வாழைக்குப் பாய்ச்சலாம்.

ஒரு வீட்டின் தோட்டம் சிறியதே. எனினும், தெருவிலுள்ள ஒவ்வொரு மனையும் தன் மழையைத் தானே ஏற்குமாயின் நிலத்தடி நீர் பெருகும். வடிகாலின் சுமை குறையும். கட்டட வரைபடத்திற்கு ஒப்புதல் வழங்குவோரும், அதை வரையக் கற்கும் மாணவரும் சுவர்களை அளப்பதோடு மழை இறங்கும் மண்ணையும் அளந்து பார்த்தல் வேண்டும்.