பதினெட்டு வயதில் 'மூப்பர்'!

வெள்ளைச் சட்டை, டை, சைக்கிள். தலையில் ஹெல்மெட். சட்டைப் பையில் கறுப்பு பேட்ஜ். எப்போதும் இரட்டை மாடு மாதிரி இரண்டு பேர். ஹாலிவுட் படங்களில் இந்த ஜோடியை அடிக்கடி பார்த்திருப்பீர்கள். காலிங் பெல்லை அழுத்துவார்கள், புன்னகைப்பார்கள், அடுத்த செகண்டே கதவு 'டமால்'!

யார் இந்தப் பையன்கள்? நம் ஊர் மெடிக்கல் ரெப்புக்குத் தூரத்துச் சொந்தமா?

ஒரு வகையில் அப்படித்தான். ஆனால் சம்பளம் கிடையாது, கமிஷன் கிடையாது, லீவு கிடையாது. கைக்காசு போட்டு வேறு வேலை பார்க்க வேண்டும்! இவர்கள் மார்மன் சபையின் மிஷனரிகள். முழுப்பெயர், பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை. 1830-ல் அமெரிக்காவில் ஜோசப் ஸ்மித் ஆரம்பித்தது. தலைமையகம் யூடா மாநிலத்தின் சால்ட் லேக் சிட்டி. 2024 முடிவில் உலகம் பூராவும் 74,000-க்கும் மேற்பட்ட மிஷனரிகள் இவர்களுக்கு இருந்தார்கள். பெரும்பாலோர் மீசை அரும்புகிற வயது. (அந்த மீசையையும் தினம் மழித்துவிட வேண்டும் என்பது வேறு விஷயம்.)

நல்ல சபை, கெட்ட சபை என்று தீர்ப்புச் சொல்வது நம் வேலை இல்லை. பதினெட்டு, பத்தொன்பது வயதுப் பையன் ஒருத்தன் பாஷை தெரியாத ஊரில் இரண்டு வருஷம் எப்படிக் குப்பை கொட்டுகிறான்? அதைத்தான் பார்க்கப் போகிறோம். வசதிக்காக அவனைத் 'தம்பி' என்று வைத்துக்கொள்வோம். தம்பிக்கு லாட்டரி ஜப்பானில் விழுகிறது.

லாட்டரி என்று சும்மா சொல்லவில்லை. விண்ணப்பம் போடுவது மட்டும்தான் இவன் வேலை. எந்த நாடு என்று சபைத் தலைமை முடிவு செய்யும். பக்கத்து வீட்டுப் பையனுக்கு பாரிஸ், இவனுக்கு பராகுவே என்றாலும் வாயைத் திறக்கக் கூடாது. முன்பெல்லாம் பெரிய வெள்ளைக் கவர் தபாலில் வரும். சொந்தபந்தம் எல்லாம் கூடியிருக்க, பிளஸ் டூ ரிசல்ட் பார்க்கிற மாதிரி நடுங்கிக்கொண்டே பிரிப்பார்கள். 2018-க்குப் பிறகு அதுவும் கம்ப்யூட்டர் திரைக்குப் போய்விட்டது. படபடப்பு மட்டும் அப்படியே இருக்கிறது.

காசு யாருடையது?

அப்பாவுடையது. அல்லது தம்பி பள்ளிக்கூட நாளிலிருந்து புல் வெட்டி, ஹோட்டலில் தட்டுக் கழுவிச் சேர்த்தது. அமெரிக்கப் பையன் என்றால் 2020 ஜூலையிலிருந்து மாதம் 500 டாலர் என்று நிர்ணயித்தார்கள். இரண்டு வருஷத்துக்கு 12,000 டாலர். நம் கணக்கில் சுமார் 10 லட்சம் ரூபாய்! எந்த நாட்டுக்குப் போனாலும் இதே தொகைதான். எல்லாம் ஒரே பொது உண்டியலில் விழுந்து, அங்கிருந்து செலவுக்குப் பணம் அளந்து வரும். வசதி குறைந்த நாட்டுப் பையன்களுக்குச் சபை கைகொடுக்கிறது.

முதலில் பயிற்சி. யூடாவில் ப்ரோவோ என்ற ஊரில் பெரிய பயிற்சி மையம் இருக்கிறது. ஐம்பதுக்கும் மேற்பட்ட பாஷைகள் சொல்லித் தருகிறார்கள். ஜப்பானிய மொழிக்கு சுமார் 9 வாரம். 9 வாரத்தில் ஜப்பானிய மொழியா என்று மூக்கில் விரல் வைக்காதீர்கள். டோக்கியோவில் இறங்கிய மறுநாளே தெரிந்துவிடும், தெரிந்தது ஒன்றுமில்லை என்று!

காரட்டைப் படைத்த கடவுள்

ஜப்பானிய மொழியில் மனிதன் என்றால் 'நிங்கென்'. காரட் என்றால் 'நிஞ்ஜின்'. கடவுள் மனிதனைத் தன் சாயலில் படைத்தார் என்று உருக்கமாக ஆரம்பித்து, காரட்டைப் படைத்தார் என்று முடித்த பையன்களின் கதை, ஜப்பான் போய் வந்தவர்கள் மத்தியில் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிச் சிரிக்கிற ஜோக்.

இன்னொன்று, 'கவாயி' என்றால் அழகு. 'கோவாயி' என்றால் பயங்கரம். குழந்தையை இடுப்பில் வைத்திருக்கும் அம்மாவிடம் போய் வாயைக் குழறினால் என்ன ஆகும், யோசித்துப் பாருங்கள்!

இதைவிடக் குழப்பம், 'கெக்கோ தெஸ்'. நேர் அர்த்தம் பார்த்தால் 'நன்றாக இருக்கிறது'. ஆனால் வாசலில் நிற்பவனிடம் சொன்னால் 'வேண்டாம்ப்பா, ஆளை விடு' என்று அர்த்தம். நம் ஊரில் பிச்சைக்காரரிடம் 'போய்ட்டு வாப்பா' என்கிறோமே, அந்த ஜாதி. போய்விட்டுத் திரும்பி வரவா சொல்கிறோம்? புதுப் பையன்களோ முதல் வாரம் இதைக் கேட்டுச் சந்தோஷப்படுவார்கள். சீனியர் காதைக் கடித்த பிறகுதான் முகம் தொங்கும்.

பேட்ஜ் விஷயம் அதைவிட வேடிக்கை. ஆண் மிஷனரிகள் எல்லோருக்கும் பட்டம் 'எல்டர்'. அதாவது மூப்பர். ஜப்பானிய பேட்ஜில் இது 'சோரோ'. நரைத்த தாடியும் கைத்தடியுமாகக் கிராமத்துப் பெரியவர் ஒருவரை நினைக்க வைக்கிற வார்த்தை. அந்தப் பட்டத்தோடு வந்து நிற்பதோ, கன்னத்தில் பரு காயாத 18 வயசுப் பயல்!

காலை ஆறரை மணி

வழக்கமான நாள் இப்படித்தான். ஆறரைக்கு எழுந்திரு. அரை மணி உடற்பயிற்சி. குளியல், சாப்பாடு. அப்புறம் வேதப் படிப்பு, பாஷைப் படிப்பு. பத்து மணி சுமாருக்குச் சைக்கிளை எடுத்தால் வீடு திரும்ப ராத்திரி ஒன்பது. பத்தரைக்கு விளக்கை அணை. 2017-ல் நேரங்களைக் கொஞ்சம் தளர்த்தினார்கள். தளர்த்தியும் இதுதான் லட்சணம்!

ஜூன் மாதம் ஜப்பானில் மழைக்காலம். சொட்டச் சொட்ட நனைந்து சைக்கிள் மிதிக்க வேண்டும். ஆகஸ்டில் சென்னையே தேவலாம் என்கிற புழுக்கம். கழுத்தில் டை. அப்பார்ட்மென்ட் வாசலில் இன்டர்காம். கதவே திறக்காமல் உள்ளேயிருந்து ஒரு குரல், 'கெக்கோ தெஸ்!'

இதற்கு நடுவே வாரம் ஒரு நாள் இலவச ஆங்கில வகுப்பு. இதற்கு மட்டும் ஆள் வரும். சாமி வேண்டாம், ஸ்போக்கன் இங்கிலீஷ் வேண்டும்! உலகம் எங்கும் மனுஷன் ஒரே மாதிரிதான்.

வாரத்தில் ஒரு நாள், பெரும்பாலும் திங்கட்கிழமை, அரை லீவு மாதிரி. துணி துவைக்க, மளிகை வாங்க, முடி வெட்டிக்கொள்ள, வீட்டுக்கு எழுத. சாயங்காலம் மறுபடி சைக்கிள்.

சினிமா? கூடாது. டி.வி.? கூடாது. காதல்? மூச்! நீச்சல் கூடக் கூடாது. சிகரெட், மது சபையில் யாருக்குமே கிடையாது. கூடவே இன்னொரு இடி... டீ, காபியும் கிடையாது! பதினோரு மணிக்கு ஸ்ட்ராங்காக ஒரு டீ உள்ளே போகாவிட்டால் ஃபைல் நகராத நம் ஆபீஸ் அன்பர்கள் நெஞ்சைப் பிடித்துக்கொள்ளலாம். அதுவும் எந்த ஊரில்? வீட்டுக்கு வந்தவருக்கு முதலில் கிரீன் டீ ஊற்றும் ஜப்பானில்! அபூர்வமாக ஒரு பாட்டி உள்ளே கூப்பிட்டு, உட்கார வைத்து, ஆவி பறக்கும் கோப்பையை நீட்டுவாள். குடித்தால் விதி மீறல். மறுத்தால் பாட்டி மனசு நோகும். பிழைக்கத் தெரிந்தவர்கள் 'முகிச்சா' இருக்கிறதா என்று கேட்பார்கள். அது வறுத்த பார்லித் தண்ணீர். அதற்குத் தடை இல்லை.

தாலி கட்டாத கல்யாணம்

எல்லாவற்றையும் விடக் கஷ்டம் கதவு சாத்துவது இல்லை. கூட வருகிற ஆள்!

'கம்பானியன்' என்று பெயர். தனியாக எங்கும் போகக் கூடாது. பார்வைக்கும் காதுக்கும் எட்டும் தூரத்தில் அவன் இருந்துகொண்டே இருக்க வேண்டும். பாத்ரூமுக்கு மட்டும் விதிவிலக்கு. ஒரே அறையில்தான் தூக்கம். இவன் சாப்பிட உட்காரும்போது அவன் நகம் வெட்டுவான். இவன் அழ நினைக்கும்போது அவன் விசிலடிப்பான். யாரோடு ஜோடி என்பதை அந்த வட்டாரத்து மிஷன் தலைவர்தான் முடிவு செய்வார். சுமார் ஆறு வாரத்துக்கு ஒரு தடவை மாறுதல் பட்டியல் வரும். பிடித்தவனும் போய்விடுவான், பிடிக்காதவனும் போய்விடுவான்.

ஆனால் காய்ச்சலில் படுத்தால் கஞ்சி வைப்பவனும் இவன்தான்.

அம்மா குரல்

பல வருஷங்கள் வரை வீட்டுக்கு போன் பண்ண வருஷத்தில் இரண்டே நாள். கிறிஸ்துமஸ், அன்னையர் தினம். மற்றபடி கடிதம், பிற்பாடு ஈமெயில். 2019 பிப்ரவரியில்தான் வாரம் ஒரு முறை பேசலாம் என்று அனுமதித்தார்கள். அதற்கு முன் போன தலைமுறைகள் எல்லாம் இரண்டு வருஷத்தில் நாலே நாலு தடவை அம்மா குரலைக் கேட்டுவிட்டுத் திரும்பியவை.

எல்லோரும் தாக்குப்பிடிப்பதில்லை. உடம்பு முடியாமல், மனசு உடைந்து, பாதியில் ஊர் திரும்புகிறவர்கள் உண்டு. 'ஏன் சீக்கிரம் வந்துட்டே?' என்ற ஒரு கேள்வி போதும். ஊர்ப் பார்வைக்குப் பயந்து கோயில் வாசலையே மிதிக்காமல் ஒதுங்கியவர்கள் உண்டு. பிள்ளையின் மனநோயைச் சோம்பேறித்தனம் என்று நினைக்கும் அப்பாக்கள் அமெரிக்காவிலும் இருக்கிறார்கள். பரிட்சை மார்க் குறைந்ததற்காக நம் ஊர்ப் பிள்ளை கூனிக் குறுகி நிற்கிறதே, அதே வலிதான். பின்னாளில் மிஷனரிகளுக்கு மனநல ஆலோசகர்கள் ஏற்பாடு செய்தார்கள். வீட்டுக்குப் பக்கத்திலேயே சேவை செய்கிற வழியையும் திறந்தார்கள்.

உயிருக்கும் உத்தரவாதம் கிடையாது. 1989-ல் பொலிவியாவின் லா பாஸ் நகரில் இரண்டு பையன்களைத் தீவிரவாதிகள் சுட்டுக் கொன்றார்கள். 2016 மார்ச் 22-ல் பிரஸ்ஸல்ஸ் விமான நிலையக் குண்டுவெடிப்பில் காயம்பட்டவர்களில் மிஷனரிகளும் உண்டு.

பின்னாளில் அமெரிக்க ஜனாதிபதி தேர்தலில் நின்ற மிட் ராம்னி, 1966-ல் 19 வயதில் பிரான்ஸுக்குப் போன மிஷனரி. 1968 ஜூனில் அவர் ஓட்டிய காரில் எதிரே வந்த கார் மோதியது. உடன் வந்த மிஷன் தலைவரின் மனைவி இறந்தார். நினைவில்லாமல் கிடந்த ராம்னியும் செத்துவிட்டார் என்றே போலீஸ்காரர் பாஸ்போர்ட்டில் குறித்துவிட்டார். குறிப்பு பொய்த்தது. 2012-ல் ஒபாமாவை எதிர்த்து நின்று தோற்றார்.

அப்படி என்னதான் கிடைத்தது?

ஜப்பானில் முதல் அணி இறங்கியது 1901 ஆகஸ்டில். தலைவர் ஹீபர் கிராண்ட். கூட வந்த ஆல்மா டெய்லருக்கு வயது 19. டெய்லர் எட்டு வருஷத்துக்கு மேல் அங்கேயே தங்கி, மார்மன் புத்தகத்தை ஜப்பானிய மொழிக்குக் கொண்டு வந்தார். 1909-ல் அச்சானது. ஆனால் 1924-ல் கடையைக் கட்டியபோது, 23 வருஷத்தில் சேர்ந்தவர்கள் 200 பேர் கூட இல்லை! இழுத்து மூடியது யார்? சபைத் தலைவராகிவிட்டிருந்த அதே கிராண்ட். 1948-ல் மறுபடி திறந்தார்கள். இன்றைக்குச் சபைக் கணக்கில் சுமார் 1,30,000 பேர். 12 கோடி ஜனத்தொகையில் இது சாம்பாரில் விழுந்த பெருங்காயம் கூட இல்லை.

மதம் மாற்றத்தான் வருகிறார்கள், அதற்கு எதற்குப் பரிதாபம் என்று நீங்கள் கேட்கலாம். கேள்வி நியாயம். வாசலைச் சாத்த வீட்டுக்காரருக்கு முழு உரிமை உண்டு. ஜப்பான்காரர்கள் அந்த உரிமையைத் தாராளமாகவே பயன்படுத்துகிறார்கள்.

மாறுகிறவர்களில் முதல் ஆள் பையனே. ஒரு நாளைக்கு நூறு 'வேண்டாம்' கேட்டுவிட்டு மறுநாள் காலை ஆறரைக்கு எழுந்திருக்கக் கற்றவனை எந்த மேனேஜர் திட்டி என்ன ஆகிவிடப் போகிறது? 1971-ல் மிஷனரியாக ஜப்பான் போன கென்ட் கில்பர்ட், வக்கீலுக்குப் படித்துவிட்டு மறுபடி அங்கேயே போய், எண்பதுகளில் ஜப்பானிய டி.வி.யில் ஸ்டார் ஆனார். தைவானில் மிஷனரியாக இருந்து சீனம் கற்ற ஜான் ஹன்ட்ஸ்மேன், 2009-ல் சீனாவுக்கே அமெரிக்கத் தூதராகப் போனார். ஏழடி ஆறங்குல கூடைப்பந்து வீரர் ஷான் பிராட்லி, ஆட்டத்தை நிறுத்திவிட்டு இரண்டு வருஷம் ஆஸ்திரேலியாவில் கதவு தட்டினார். (கதவைத் திறந்தவர்களின் கழுத்து என்ன ஆயிற்றோ!) திரும்பி வந்ததும் 1993-ல் என்.பி.ஏ. அணிகள் ஆள் எடுத்தபோது இரண்டாவதாகத் தேர்வானார்.

எல்லோரும் ஸ்டார் ஆவதில்லை. நம் தம்பி ஊர் திரும்பி, பேட்ஜைக் கழற்றிவிட்டு, இரண்டு வருஷத்தில் முதல் தடவையாகத் தனியாகக் கடைக்குப் போவான். பக்கத்தில் யாரும் இல்லையே என்று திரும்பித் திரும்பிப் பார்ப்பான். அப்புறம் காலேஜ், வேலை, கல்யாணப் பேச்சு.

மார்மன் கோயிலில் நடக்கும் கல்யாணம் சாகிறவரைக்கும் அல்ல, செத்த பிறகும் நித்தியத்துக்கும் செல்லும் என்பது அவர்கள் நம்பிக்கை. அதாவது, இந்தக் கம்பானியனுக்கு ஆறு வாரத்துக்கு ஒரு தடவை மாறுதல் பட்டியல் வராது!