பதினோராவது டிஸ்க் வந்தால் யார் இடம் மாறுவது?

டேட்டா சென்டரில் பத்து டிஸ்க்குகளும் நிரம்பிவிட்டன; பதினோராவதைச் செருகுகிறார்கள். இனி எந்தக் கோப்பு எதில் இருக்க வேண்டும்?

எளிய முறை ஒன்று உண்டு. கோப்பின் பெயரை ஓர் எண்ணாக மாற்றி, டிஸ்க்குகளின் எண்ணிக்கையால் வகுத்து, மீதி சுட்டும் டிஸ்க்கில் வைப்பது. அந்த எண் 1,234 என்றால், பத்தால் வகுக்க மீதி 4. பதினொன்றால் வகுத்தாலோ 2. ஒரே ஒரு டிஸ்க் கூடியதற்காக இந்தக் கோப்பு இடம்பெயர வேண்டும். நூற்றுக்குத் தொண்ணூறு கோப்புகளுக்கும் இதே கதிதான். புதிய டிஸ்க்குக்குச் சேர வேண்டியதோ பதினொன்றில் ஒரு பங்கு. மற்றதெல்லாம் பழைய டிஸ்க்குகளுக்கு இடையே நடக்கும் வீண் அலைச்சல்.

இதற்குக் கிடைத்த விடைகளில் எனக்கு மிகவும் பிடித்தது, 'செஃப்' என்ற சேமிப்பு மென்பொருளின் 'கிரஷ்' அல்காரிதம். கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான்டா குரூஸ் வளாகத்தில் சேஜ் வைலும் அவருடைய குழுவினரும் உருவாக்கி, 2006-இல் வெளியிட்டார்கள். எந்தக் கோப்பு எங்கே என்று எழுதிவைக்கும் பேரேடு இதில் கிடையாது. டிஸ்க்குகளின் வரைபடம் கையில் இருந்தால், யார் கணக்கிட்டாலும் அதே இடம்தான் விடையாக வரும்.

தரவு முதலில் பல குழுக்களாகப் பிரிகிறது. ஒவ்வொரு குழுவுக்காகவும் டிஸ்க்குகள் போட்டியிடுகின்றன. குழுவின் எண்ணையும் டிஸ்க்கின் எண்ணையும் கலந்து கணக்கிட்டால் ஒரு மதிப்பெண் கிடைக்கும். கொள்ளளவு கூடிய டிஸ்க்குக்கு வெல்லும் வாய்ப்பும் கூடுதல். அதிக மதிப்பெண் பெற்ற டிஸ்க்குக்கே அந்தக் குழு. பிரதிகள் வேண்டுமானால் போட்டி மறுபடி நடக்கும்.

இதன் அழகு ஒரே இடத்தில் இருக்கிறது: ஒரு டிஸ்க்கின் மதிப்பெண்ணை மற்ற டிஸ்க்குகள் பாதிப்பதில்லை. புதிதாக ஒன்று வந்தாலும் பழையவர்கள் பெற்றது அப்படியே நிற்கும். புதியவர் முந்திய குழுக்கள் மட்டும் அவரிடம் போகும். பழையவர்கள் தங்களுக்குள் எதையும் மாற்றிக்கொள்ள வேண்டியதில்லை. முதல் வடிவத்தில் இந்தத் தன்மை முழுமையாக அமையவில்லை. கொள்ளளவுக்கு ஏற்ப ஒரு டிஸ்க்குக்குத் தரும் எடையைத் திருத்தினால் மற்றவற்றின் மதிப்பெண்ணும் அசைந்து, தேவையில்லாத நகர்வு நேர்ந்தது. 2015-இல் வந்த செஃப்பின் 'ஹாமர்' பதிப்பு அதைச் சரிசெய்தது.

நிஜ அமைப்பில் டிஸ்க்குகள் சர்வர், ரேக் என்று அடுக்கடுக்காக இருப்பதால் கொஞ்சம் கூடுதல் நகர்வு இருக்கத்தான் செய்யும். அந்த நகர்வும் நிதானமாகவே நடக்க வேண்டும். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் நகலெடுத்தால், கோப்பைக் கேட்டுக் காத்திருப்பவருக்கு டிஸ்க் பதில் தர முடியாது. அதனால் ஒரு டிஸ்க்கில் ஒரே நேரத்தில் எத்தனை குழுக்கள் நகரலாம் என்பதற்கு வரம்பு வைக்கிறார்கள். புதிய இடத்தில் நகல் முழுமையான பிறகே பழைய பிரதி அழிக்கப்படுகிறது. புதிய டிஸ்க் பாதி வழியில் பழுதானாலும் தரவு போய்விடாது.