மண் தின்னும் பழக்கம்

பசி எடுத்தால் உணவை நாடுவது உயிர்களின் இயல்பு. ஆனால் உணவென்று சொல்லத் தகாத பொருள்களின்மீதும் சிலருக்கு அடக்கவொண்ணாத ஆசை எழுவதுண்டு. ஈர மண், சுட்ட ஓடு, சாம்பல், திருநீறு, பல்பம், சாக்குக்கட்டி, சுவரிலிருந்து பெயர்ந்த சுண்ணாம்பு, அடுப்புக்கரி, பச்சரிசி ஆகியவற்றை ஒளித்து வைத்துக்கொண்டு, ஒருவரும் காணாத வேளையில் மெல்வோர் நம் இல்லங்களிலேயே உண்டு. இதைப்பற்றி நாம் வெளிப்படையாகப் பேசுவதில்லை. இதனால் விளையும் கேட்டிற்கு அந்த மௌனமும் ஒரு காரணமாகும்.

என் இளமையில் நிகழ்ந்த ஒன்று நினைவிற்கு வருகிறது. என் அத்தை தலைப்பிரசவத்திற்காக எங்கள் இல்லத்திற்கு வந்திருந்தார். அந்நாள்களில் எங்கள் பள்ளிப் பைகளிலிருந்த பல்பங்கள் நாள்தோறும் குறைந்து வந்தன. பல்பத்தைத் தொலைத்ததற்காக நானும் தம்பியும் அடி வாங்கினோம். ஒருநாள் நண்பகலில் அத்தையின் முந்தானை முடிச்சில் அவற்றின் துண்டுகளைக் கண்டேன். "யாரிடமும் சொல்லிவிடாதேடா, கண்ணா" என்று கையைப் பற்றிக்கொண்டு அவர் கண்ணீர் விட்டார். நானும் சொல்லவில்லை. பிரசவத்தின்போது அவர் நினைவிழந்தார். வெளியிலிருந்து ரத்தம் ஏற்றிய பிறகே பிழைத்தார். அவருக்குக் கடுமையான ரத்தசோகை இருந்தது என்பதை அன்றுதான் டாக்டர் கூறக் கேட்டோம். அந்தப் பல்பத் துண்டுகள் பல வாரங்களுக்கு முன்பே அதனை அறிவித்திருந்தன. அவற்றின் பொருள் எங்களுக்கு விளங்கவில்லை.

இப்பழக்கத்திற்கு மருத்துவ நூலார் வழங்கும் பெயர் பைக்கா. காக்கை இனத்தைச் சேர்ந்த ஒரு பறவையின் லத்தீன் பெயர் அது. அப்பறவை எதனையும் கொத்தித் தின்னும் என்று மேனாட்டார் கருதியமையால் அப்பெயர் வந்தது. உணவல்லாத பொருளை ஒரு மாத காலமோ அதற்கு மேலோ தொடர்ந்து ஒருவர் உண்டு வந்தால் அதனைப் பைக்கா என்பர். இரண்டு வயதிற்குட்பட்ட குழந்தை கைக்கு எட்டியதை வாயில் வைப்பது வளர்ச்சியின் இயல்பாதலால், அது இதில் அடங்காது.

இது இக்காலத்தில் தோன்றிய புதுமையன்று. புறநானூற்றின் 20ஆம் பாடலில் குறுங்கோழியூர் கிழார் தம் சேர மன்னனைப் புகழுங்கால், அவனுடைய மண்ணை மசக்கையுற்ற மகளிர் விரும்பி உண்பதன்றிப் பகைவர் கொள்ளுதல் இயலாது என்ற கருத்தை அமைத்துள்ளார். காளிதாசனின் இரகுவம்சத்திலும் கருவுற்ற அரசியின் வாய் மண் மணம் கமழ்ந்தது கூறப்படுகிறது. கவிகள் இதனை அழகாகக் கண்டனர். வைத்தியர்களோ நோயாகக் கண்டனர். சரக சம்ஹிதை உடல் வெளுக்கும் பாண்டு நோயை ஐந்து வகையாகப் பிரித்து, மண் தின்பதனால் வருவதை அவற்றுள் ஒன்றாக வைத்தது. 1906ஆம் ஆண்டில் ஹூப்பர், மான் என்னும் இருவர் இந்தியாவில் மண் உண்ணும் வழக்கத்தை ஆராய்ந்து, வங்காள ஆசியக் கழகத்தின் வெளியீடாக ஒரு கட்டுரை எழுதினர். சில்ஹெட் பகுதியில் சுட்ட களிமண் வில்லைகள் உண்பதற்கென்றே விற்கப்படுகின்றன. வடநாட்டில் முகத்திற்குப் பூசும் முல்தானி மண்ணைக் கர்ப்பிணிகள் சிலர் உண்பதும் உண்டு.

மண் தின்பதால் சோகை வருகிறதா, சோகையினால் மண் தின்னும் ஆசை வருகிறதா? இரண்டும் உண்மை என்றே தோன்றுகிறது. இரும்புச்சத்துக் குறைந்தவர்களிடம் இவ்வாசை மிகுதியாகக் காணப்படுகிறது. 1959ஆம் ஆண்டில் லான்ஸ்கோவ்ஸ்கி என்னும் குழந்தை மருத்துவர், மண் தின்ற குழந்தைகளுக்கு இரும்புச்சத்தை ஊசி வழியே செலுத்தியபோது ஓரிரு வாரங்களில் அப்பழக்கம் நீங்கியதை எழுதினார். பின்னர் நடந்த சோதனைகள் அனைத்திலும் இதே பலன் கிட்டவில்லை என்பதையும் சொல்லவேண்டும். எனினும், ஐஸ்கட்டியை ஓயாது கடிப்போரிடம் இத்தொடர்பு தெளிவாகவே உள்ளது. இரும்புச்சத்து மருந்தைத் தொடங்கிய சில நாள்களிலோ வாரங்களிலோ அவர்களுடைய வேட்கை பெரும்பாலும் தணிந்துவிடுகிறது.

மறுபுறம், சிலவகைக் களிமண் உணவிலுள்ள இரும்பையும் துத்தநாகத்தையும் தன்னோடு பிணைத்து, உடலில் சேரவொட்டாமல் வெளியேற்றிவிடும். பிகாரில் பிறந்து பாட்னாவில் மருத்துவம் பயின்ற டாக்டர் ஆனந்த பிரசாத், ஈரான் நாட்டு ஷிராஸ் நகரில் 1958ஆம் ஆண்டு ஓர் இளைஞனைக் கண்டார். வயது 21, தோற்றமோ பத்து வயதுச் சிறுவனுக்குரியது. அவன் நாள்தோறும் அரைக் கிலோ களிமண் தின்று வந்தான். அவன் உணவு பெரும்பாலும் தவிடு நீக்காத கோதுமை ரொட்டியே. அவனுக்குக் கடுமையான சோகையும் இருந்தது. இத்தகைய நோயாளிகளை ஆராய்ந்ததன் பயனாகவே, துத்தநாகம் மனித வளர்ச்சிக்கு இன்றியமையாதது என்ற உண்மை உலகிற்குத் தெரியவந்தது.

தீங்குகள் இத்துடன் முடிவதில்லை. மண்ணோடு உருளைப்புழுவின் முட்டைகளும் நாய் மலத்தில் உள்ள புழு முட்டைகளும் வயிற்றினுள் புகுகின்றன. மண்ணும் சுண்ணாம்பும் குடலில் இறுகி மலச்சிக்கலையும், சில வேளைகளில் குடலடைப்பையும் உண்டாக்கும். கடினப் பொருள்களைக் கடிப்பதால் பற்கள் தேய்ந்து உடைகின்றன. தலைமயிரைத் தின்னும் பெண்களுக்கு அது வயிற்றில் பந்தாகத் திரண்டு, அறுவைச் சிகிச்சையால் எடுக்கவேண்டிய நிலை நேர்ந்துள்ளது.

எல்லாவற்றிலும் கொடியது ஈயம். பழைய சுவர்களிலும் சன்னல்களிலும் உள்ள வர்ணப்பூச்சின் சிம்புகளில் ஈயம் இருக்கலாம். வீட்டு வர்ணங்களில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்கிற்கு மேற்படலாகாது என்று 2016ஆம் ஆண்டில் நம் நாட்டில் விதி செய்யப்பட்டது. ஆனால் அதற்கு முன்னர்ப் பூசியவை இன்னும் சுவர்களில் உள்ளன. பிரிட்டனில் விற்கப்பட்ட சுட்ட களிமண்ணிலும் ஆர்சனிக், ஈயம் ஆகிய நஞ்சுகள் காணப்பட்டன. ஈயம் குழந்தையின் மூளை வளர்ச்சியைக் குன்றச் செய்கிறது. தாயின் ரத்தத்தின் வழியாகக் கருவிலுள்ள சிசுவையும் அடைகிறது. தீங்கற்ற அளவு என்று அதற்கு ஒன்றும் இல்லை.

2019-21ஆம் ஆண்டுகளில் நடைபெற்ற ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி, நம் நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் நூற்றுக்கு 57 பேர் ரத்தசோகை உடையவர்கள். ஐந்து வயதிற்குட்பட்ட குழந்தைகளில் நூற்றுக்கு 67 பேர். இவர்கள் எல்லோரும் மண் தின்பவர்கள் அல்லர். ஆயினும், மண் தின்னும் ஒருவரைக் கண்டால் முதலில் சோகையை ஐயுறவேண்டும் என்பதற்கு இக்கணக்கே போதும்.

செய்யத்தக்கது யாது? கையில் மிளகாய் தடவுதலும், அடித்தலும், பிறர் முன்னிலையில் நகைத்தலும் பழக்கத்தை நீக்கமாட்டா. அதனை மறைவிற்குத் தள்ளிவிடும். ரத்தப் பரிசோதனையே முதற்படி. கர்ப்பிணிக்கு ஹீமோகுளோபின் 11 கிராமுக்குக் குறைந்தால் அது சோகை. ஆரம்ப சுகாதார நிலையங்களில் கர்ப்பிணிகளுக்கு இரும்பு, ஃபோலிக் அமில மாத்திரைகள் நாளொன்றுக்கு ஒன்றாக 180 நாள்களுக்கு இலவசமாக வழங்கப்படுகின்றன. அவற்றைத் தேநீர், காப்பியுடன் சேர்த்து உண்ணலாகாது. எலுமிச்சை, நெல்லி முதலிய புளிப்புக் கனிகளுடன் உண்டால் சத்து நன்கு சேரும். மலம் கறுப்பது கண்டு அஞ்சி நிறுத்தவேண்டுவதில்லை. மாத்திரைகளைக் குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வைத்தல் வேண்டும். அவர்கள் அவற்றை அள்ளி விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. பூச்சி மருந்தை டாக்டர் கூறியபடி கொடுக்கலாம். வர்ணம், ஓடு முதலியவற்றைத் தின்ற குழந்தையாயின், ரத்தத்தில் ஈயம் உள்ளதா என்று சோதிக்குமாறு கேட்பது நலம். மனவளர்ச்சி குன்றிய குழந்தைகளிடம் இப்பழக்கம் மருந்தால் மட்டும் அகலாது. அவர்களுக்குப் பொறுமையான பயிற்சியும் இடைவிடாத கண்காணிப்பும் தேவை.

மசக்கை என்று சொல்லி ஒதுக்குவதும், சீ என்று இகழ்வதும் ஆகிய இரண்டுமே தவறு. மருத்துவமனைக்குச் செல்லும் பெண் இதனைத் தானாகச் சொல்லுவது அரிது. ஆகவே தாயோ மாமியாரோ கணவரோ நயமாகக் கேட்டறிந்து, டாக்டரிடம் எடுத்துரைக்கவேண்டும். என் அத்தையிடம் அன்று அவ்வாறு கேட்பார் ஒருவரும் இல்லை. சிறுவனாகிய எனக்கு உண்மை தெரிந்திருந்தும், மறைப்பதே அன்பு என்று எண்ணியிருந்தேன்.