பழைய அம்பாசிடருக்கு மின்சார பெட்ரோல் பம்பு

சித்திரை வெயிலில் மேலூர், உசிலம்பட்டி சாலையில் பழைய பெட்ரோல் அம்பாசிடர் நின்றுபோனால், பானெட்டைத் திறந்து பம்பின் மேல் ஈரத்துணி போடுவது டிரைவர்களின் கைவைத்தியம். எஞ்சின் சூட்டில் குழாயிலேயே பெட்ரோல் ஆவியாகிவிடுவதுதான் காரணம். போதாக்குறைக்கு, நம் கரும்பிலும் மக்காச்சோளத்திலும் இருந்து வரும் எத்தனால் 20 சதவீதம் கலந்த பெட்ரோல், பழைய ரப்பர் ஹோஸையும் டயாபிரத்தையும் கெடுக்கிறது. டயாபிரம் கிழிந்தால் பெட்ரோல் எஞ்சின் ஆயிலில் இறங்கும். டிப்ஸ்டிக்கில் பெட்ரோல் வாடை அடித்தால் வண்டியை எடுக்கவே கூடாது.

12 வோல்ட் மின்பம்பை டேங்க் அருகே, சற்றுத் தாழ்வாக, வடிகட்டிக்கு அடுத்துப் பொருத்த வேண்டும். தள்ளுவதில்தான் அதற்கு வலு, இழுப்பதில் இல்லை. கிணற்று மோட்டார் வைத்திருப்பவர்களுக்கு இது புதிதல்ல. அழுத்தம் 2 முதல் 4 பி.எஸ்.ஐ. போதும். கைக்குக் கிடைத்தது என்று இக்கால இன்ஜெக்‌ஷன் கார் பம்பை மாட்டினால் 40-க்கு மேல் தள்ளும். கார்புரேட்டர் வழிந்து, கீழே கொதிக்கும் எக்ஸாஸ்ட் மேனிபோல்டில் பெட்ரோல் சொட்டும். தீப்பிடிக்க அது போதும்.

மின் இணைப்பு ஃபியூஸ், ரிலே வழியாகவே போகட்டும். ஆயில் பிரஷர் சுவிட்சையும் சேர்த்தால் எஞ்சின் நின்றதும் பம்பும் நிற்கும். ஸ்டார்ட் செய்யும் நேரத்துக்கு மட்டும் ஸ்டார்ட்டர் வயரிலிருந்து தனி இணைப்பு தேவை. பழைய பம்பு இருந்த துளையைத் தகடும் கேஸ்கெட்டும் வைத்து மூடாவிட்டால் ஆயில் கொட்டும்.