வலைவாசிகள் – 9: பெயரைக் காட்டினால் நாக்கு அடங்குமா?

சமூக ஊடகத்தில் தன்னை மருத்துவர் என்று சொல்லிக்கொண்டு எழுதுகிறவர் தன் பெயரையும் சொல்ல வேண்டும் என்று பிரிட்டனின் ஜெனரல் மெடிக்கல் கவுன்சில் 2013இல் வழிகாட்டுதல் வெளியிட்டது. மருத்துவர்களிடமிருந்தே எதிர்ப்புக் கிளம்பியது. கவுன்சிலின் தரப்பை அப்படியே ஒதுக்கிவிட முடியாது. மருத்துவர் சொல்வதை மக்கள் நம்புகிறார்கள். அந்த நம்பிக்கையை வைத்துப் பேசுகிறவர் அதற்குப் பொறுப்பேற்கத்தானே வேண்டும்? ஆனால், ஆள் யாரென்று தெரிந்தால் பேச்சில் அடக்கம் வந்துவிடும் என்ற நினைப்பும் இதில் கலந்திருக்கிறது. தென்கொரியா அதை ஒரு நாட்டளவில் சோதித்துப் பார்த்தது. 2007 முதல் அங்கே பெரிய தளங்களில் கருத்து எழுத வேண்டுமென்றால், முதலில் அடையாளத்தை மெய்ப்பிக்க வேண்டும் என்று சட்டம் இருந்தது. திரையில் புனைபெயர் இருக்கலாம். ஆள் யாரென்று தளத்துக்குத் தெரியும். 2011இல் ஒரு பெரிய தளத்திலிருந்து ஏறத்தாழ 3.5 கோடிப் பேரின் விவரங்கள் திருடு போயின. மறு ஆண்டே அரசியலமைப்பு நீதிமன்றம் அந்தச் சட்டத்தை ரத்து செய்தது. சட்டவிரோதப் பதிவுகள் குறிப்பிடத்தக்க அளவு குறைந்ததற்குச் சான்றில்லை என்பது அது சொன்ன காரணங்களில் ஒன்று.

அப்படியானால் முகமூடியால் கேடே இல்லையா என்று கேட்பவர்களின் கையில் வலுவான சான்று ஒன்று இருக்கிறது. அமெரிக்கப் பொருளியலாளர்கள் வேலைவாய்ப்புச் செய்தி பேசக் கூடும் ஈ.ஜே.எம்.ஆர். தளத்தில் பெண்களைப் பற்றிய பேச்சு படிப்பையும் தொழிலையும் விட்டு உடல், தோற்றம் பக்கம் சாய்வதை, 2017இல் ஆலிஸ் வூ என்ற மாணவி சொற்களை எண்ணிக் காட்டினார். ‘படிக்காத யாரோ எழுதுகிறார்கள்’ என்ற சமாதானமும் நிலைக்கவில்லை. முன்னணிப் பல்கலைக்கழகங்களின் ஐ.பி. முகவரிகளிலிருந்தும் பதிவுகள் வந்திருப்பதை 2023இல் வேறொரு ஆய்வு கண்டுபிடித்தது. ஆனால் அந்தத் தளத்தின் அமைப்பைக் கவனியுங்கள். அங்கே அப்போது நிலையான புனைபெயரே கிடையாது. ஒவ்வொரு விவாதத்துக்கும் ஒரு புதுக் குறியீடு. நேற்று வசைபாடியவரும் இன்று அறிவுரை சொல்பவரும் ஒரே ஆள்தானா என்று படிப்பவருக்குத் தெரியாது. சம்பாதிக்கவும் ஒன்றுமில்லை, இழக்கவும் ஒன்றுமில்லை. பொறுப்பை ஒழித்தது இதுதான் என்பேன்.

விக்கிப்பீடியாவிலும் பெரும்பாலோர் புனைபெயரில்தான் எழுதுகிறார்கள். ஆனால் ஒரே பெயரில் நீடிப்பதால், செய்த திருத்தங்களெல்லாம் எல்லோர் பார்வைக்கும் கிடக்கின்றன. தனிமனிதத் தாக்குதலுக்குத் தடை விதிக்கலாம். பல ஆண்டு உழைப்பில் சேர்த்த மதிப்பு போய்விடும். இன்னொருவரின் உண்மைப் பெயரை அம்பலப்படுத்துவதும் அங்கே குற்றம்தான். (சண்டைக்கு அங்கேயும் பஞ்சமில்லை.) நீடித்த பெயரே போதும் என்பதற்கும் மறுப்பு உண்டு. 2007இல் அங்கே ஒரு முக்கிய நிர்வாகி, சொல்லிக்கொண்டபடி இறையியல் பேராசிரியர் அல்ல, உயர்பட்டம் எதுவும் இல்லாத 24 வயது இளைஞர் என்று தெரியவந்தது. அந்தப் பொய்ப் பட்டத்தை விவாதங்களிலும் பயன்படுத்தியிருந்தார். நீடித்த பெயர் நடத்தைக்குத்தான் காவல், தகுதிக்குச் சான்றாகாது. மருத்துவர்கள் கூடும் இடமென்றால் பதிவு எண்ணைச் சரிபார்த்துவிட்டு, அந்த விவரத்தைச் சேமிக்காமல் அழித்துவிடலாம். சேமித்து வைத்தால் என்ன ஆகும் என்பதற்குக் கொரியா இருக்கிறது.

நேர்மையானவர் ஏன் ஒளிய வேண்டும் என்பது கடைசிக் கேள்வி. பிரிட்டனின் பிரிஸ்டல் மருத்துவமனையில் இதய அறுவைக்குப் பின் குழந்தைகள் அளவுக்கு மீறி இறப்பதை மயக்க மருந்து நிபுணர் ஸ்டீபன் போல்சின் தன் பெயரிலேயே எச்சரித்தார். 1991–95இல் ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளில் 30 முதல் 35 பேர் கூடுதலாக இறந்ததாகப் பின்னர் விசாரணைக் குழு சொன்னது. அவரோ, பெயரோடு எச்சரித்ததற்கு விலையாக, அதற்கு முன்பே ஆஸ்திரேலியாவுக்குப் போய்விட்டிருந்தார். பொதுமக்களுக்கு மருந்து சொல்பவரிடம் பெயர் கேட்பது நியாயம். தன் மருத்துவமனையின் குறையைச் சக மருத்துவர்களிடம் பேசுபவருக்குச் சரிபார்த்த தகுதியும் மாறாத புனைபெயரும் போதும். நோயாளியின் ரகசியத்தை வெளியே விடக்கூடாது என்ற விதி மட்டும் இருவருக்கும் ஒன்றுதான்; அதை மீறியவரைத் தண்டிக்க அவர் திரையில் எந்தப் பெயரில் இருந்தார் என்று பார்க்க வேண்டியதில்லை.