வைரத் தோடும் கலைக்களஞ்சியமும்

திருவிதாங்கூர்ச் சமஸ்தானத்தின் பீருமேட்டில் 1918ஆம் ஆண்டு பிறந்த அன்னா மணிக்கு, எட்டாவது பிறந்தநாளன்று குடும்ப வழக்கப்படி வைரத் தோடுகள் பரிசாகக் காத்திருந்தன. அச்சிறுமியோ தோடுகளை ஏற்க மறுத்து, அவற்றுக்கு மாற்றாக பிரிட்டானிகா கலைக்களஞ்சியத்தைக் கேட்டுப் பெற்றார். ஆண் மக்களை உயர் பணிகளுக்கும் பெண் மக்களைத் திருமணத்திற்கும் ஆயத்தப்படுத்திய இல்லம் அது. அங்கிருந்து புறப்பட்டவர், புதுதில்லியைத் தலைமையிடமாகக் கொண்ட இந்திய வானிலை ஆய்வுத் துறையின் துணைத் தலைமை இயக்குநராக உயர்ந்து, 1976ஆம் ஆண்டு ஓய்வு பெற்றார்.

இடைப்பட்ட அரை நூற்றாண்டுப் பயணத்தில் அவர் எதிர்கொண்ட தடைகள் அவருக்கு மட்டும் உரியவை அல்ல. அறிவியல் துறையில் அடியெடுத்து வைத்த பெண்கள் பலருக்கும் திறமையில் குறையிருந்ததில்லை. அவர்களை வாயிலில் நிறுத்தியவை விதிகளே.

நிபந்தனையுடன் திறந்த கதவு

அன்னா மணிக்குச் சில ஆண்டுகள் முன்னதாக அறிவியல் ஆய்வுக்கு வந்தவர் கமலா சோஹோனி. 1933இல் பம்பாய்ப் பல்கலைக்கழகத்தில் இளநிலைப் பட்டம் பெற்ற அவர், பெங்களூரிலுள்ள இந்திய அறிவியல் நிறுவனத்தில் சேர விண்ணப்பித்தார். அப்போது அதன் இயக்குநர், நோபல் பரிசு பெற்ற சர் சி. வி. ராமன். விண்ணப்பித்தவர் பெண் என்பதனாலேயே இடம் மறுக்கப்பட்டது. கமலா பின்வாங்கவில்லை; நேரில் சென்று வாதாடினார். இறுதியில் நிபந்தனைகளுடன் அனுமதி கிடைத்தது. முதல் ஓராண்டு சோதனைக் காலம். ஆய்வின் தரம் இயக்குநருக்கு நிறைவளித்தால்தான் அங்கீகாரம். அவர் அங்கிருப்பதால் உடன் பயிலும் ஆடவரின் கவனம் சிதறக் கூடாது. எந்த ஆண் மாணவருக்கும் இத்தகைய நிபந்தனைகள் விதிக்கப்படவில்லை. அந்த அவமதிப்பைத் தாம் மறந்ததில்லை என்பதைப் பிற்காலத்தில் அவர் வெளிப்படையாகவே கூறினார்.

ஓராண்டு முடிவில் அவரது உழைப்பு ராமனின் எண்ணத்தை மாற்றியது. அதன்பின் பிற பெண்களுக்கும் அந்நிறுவனத்தில் வழி பிறந்தது. கமலா கேம்பிரிட்ஜ் சென்று, தாவரத் திசுக்களிலுள்ள சைட்டோகுரோம் சி என்னும் புரதத்தைப் பற்றிய ஆய்வுக்காக 1939இல் முனைவர் பட்டம் பெற்றார். நாடு திரும்பியதும் அவர் ஏற்ற முதற்பணி, தில்லியிலுள்ள லேடி ஹார்டிஞ்ச் மருத்துவக் கல்லூரியில் உயிர்வேதியியல் துறையின் தலைமைப் பொறுப்பு. மகளிர் மருத்துவம் பயில்வதற்கெனவே 1916இல் தொடங்கப்பெற்ற கல்லூரி அது. பின்னர் நீலகிரி மாவட்டம் குன்னூரிலிருந்த ஊட்டச்சத்து ஆய்வுக்கூடத்திலும் அவர் பணியாற்றினார்.

பட்டம் தராத விதி

கமலா திறந்த கதவின் வழியே, 1940இல் அன்னா மணி அதே நிறுவனத்துக்கு வந்து சேர்ந்தார். அவர் சென்னை மாநிலக் கல்லூரியில் இயற்பியல் பயின்றவர். சிறு வயதில் வைரத் தோட்டை மறுத்தவருக்கு, ராமனின் ஆய்வகத்தில் வாய்த்த ஆய்வுப் பொருள்களோ வைரமும் மாணிக்கமும்! அக்கற்கள் ஒளிரும் தன்மையை ஆராய்ந்து, 1942 முதல் 1945 வரை ஐந்து ஆய்வுக் கட்டுரைகளை வெளியிட்டார். 1945இல் சென்னைப் பல்கலைக்கழகத்திற்கு முனைவர் பட்ட ஆய்வேட்டை அளித்தார். முதுநிலைப் பட்டம் இல்லை என்னும் காரணத்தால் பட்டம் மறுக்கப்பட்டது. செய்து முடித்த ஆய்வைக் காட்டிலும் இல்லாத சான்றிதழே பெரிதாக எண்ணப்பட்டது.

அவர் சோர்ந்துவிடவில்லை. அரசின் உதவித்தொகையில் இங்கிலாந்து சென்று வானிலைக் கருவிகளைப் பற்றிப் பயின்று, 1948இல் புனேயில் வானிலைத் துறையில் சேர்ந்தார். வெளிநாட்டுக் கருவிகளையே நம்பியிருந்த நாட்டில், ஏறத்தாழ நூறு வானிலைக் கருவிகளின் வரைபடங்களைத் தரப்படுத்தி, அவற்றை உள்நாட்டிலேயே உருவாக்க வழிவகுத்தார். நாடெங்கும் சூரியக் கதிர்வீச்சை அளக்கும் நிலையங்களை நிறுவச் செய்தார். இன்று சூரிய மின்சாரத்தைப் பற்றிப் பேசும் நாம், அதற்கான தொடக்கக் கால அளவீடுகளுக்கு அவருக்குக் கடமைப்பட்டுள்ளோம்.

கடல் கடந்தும் அதே நிலை

பெண் என்பதோடு நிறமும் சேர்ந்தால் தடை இரட்டிப்பாகும். அமெரிக்காவின் விர்ஜீனியா மாநிலத்தில், நாசாவின் முன்னோடி அமைப்பில் 1951இல் கணக்கீட்டாளராகச் சேர்ந்தவர் மேரி ஜாக்சன். கறுப்பினப் பெண் கணக்கீட்டாளர்களுக்கு அங்குத் தனிப்பிரிவு இருந்தது. பொறியாளராவதற்குத் தேவையான வகுப்புகளோ, வெள்ளையருக்கு மட்டுமே உரிய பள்ளியில் நடைபெற்றன. அங்குச் சென்று பயில நகர நிர்வாகத்திடம் தனி அனுமதி பெற வேண்டியிருந்தது. அதைப் பெற்றுப் பயின்ற அவர், 1958இல் நாசாவின் முதல் கறுப்பினப் பெண் பொறியாளரானார். பல்லாண்டுகளுக்குப் பின், மேற்பதவிகள் பெண்களுக்கு எட்டாதிருப்பதை உணர்ந்து, 1979இல் தம் பொறியாளர் பதவியை விடுத்தார். பிற பெண்களின் நியமனத்துக்கும் பதவி உயர்வுக்கும் துணைபுரியும் பணியை விரும்பி ஏற்றார். வாஷிங்டனிலுள்ள நாசா தலைமையகம் இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

இன்றைய நிலை

நம் நாட்டில் அறிவியல் இளநிலைப் படிப்புகளில் மாணவியர் ஏறத்தாழச் சரிபாதியாக உள்ளனர். ஆனால், ஆராய்ச்சி மற்றும் மேம்பாட்டுப் பணிகளில் நேரடியாக ஈடுபட்டவர்களில் பெண்கள் 2018ஆம் ஆண்டு நிலவரப்படி 16.6 விழுக்காடு மட்டுமே. கல்லூரி வாயிலைக் கடந்தவர்கள் ஆய்வகத்தை அடையும் முன்னரே எங்கோ நின்றுவிடுகின்றனர். திருமணம், மகப்பேறு, இடமாற்றம் ஆகியவற்றால் நேரும் இடைவெளி அவற்றுள் ஒரு காரணம்.

இவ்விடைவெளியைக் கடந்து வருவோருக்கு உதவ, தில்லியிலுள்ள மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறை பெண் விஞ்ஞானிகளுக்கான தனித் திட்டத்தை இந்நூற்றாண்டின் தொடக்கத்திலேயே வகுத்தது. இந்தியத் தொழில்நுட்பக் கழகங்களில் 2018 முதல் மாணவியருக்குக் கூடுதல் இடங்கள் உருவாக்கப்பட்டுள்ளன. அன்று ஒருவர் போராடிப் பெற்ற விதிவிலக்கு, இன்று பலருக்கும் உரிய விதியாக மாறி வருகிறது.

இல்லத்தில் தொடங்கும் முதலீடு

விதிகளை அரசும் நிறுவனங்களும் மாற்றலாம். எட்டு வயதுச் சிறுமி தோட்டுக்குப் பதிலாகப் புத்தகத்தைக் கேட்கும்போது என்ன விடை தருவது என்பதைக் குடும்பமே தீர்மானிக்கிறது. மகள் பிறந்ததும் நகைக்காகச் சேமிப்பது நம் இல்லங்களின் நெடுநாள் வழக்கம். அச்சேமிப்பின் ஒரு பகுதியை அவளது கல்விக்கென ஒதுக்கலாம். பத்து வயது நிறையாத பெண் குழந்தையின் பெயரில் தொடங்கத்தக்க செல்வமகள் சேமிப்புத் திட்டத்தில், மகள் பதினெட்டு வயதை எட்டிய பின்னரோ பத்தாம் வகுப்பில் தேறிய பின்னரோ, முந்தைய நிதியாண்டின் இறுதியிலிருந்த இருப்பில் பாதி வரை உயர்கல்விக்காகப் பெற இயலும். கல்விக் கடனில் மாணவியருக்கு வட்டிச் சலுகை அளிக்கும் வங்கிகளும் பல உள்ளன.

அன்னா மணியின் பெற்றோர் அன்று அக்கலைக்களஞ்சியத்தை வாங்கித் தந்தனர். நம் வீட்டுச் சிறுமிகள் என்ன கேட்கிறார்கள் என்பதை நாமும் ஒருமுறை கேட்டறிவோம்.